பிரேக்கை மிதிக்கும் முன்பே விபத்தைத் தவிர்ப்பது: கார் ஓட்டுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க." விபத்துக்குப் பிறகு ஓட்டுநர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது உண்மையிலேயே திடீரென்றுதான் நடந்தது. ஆனால் அதே இடத்தில் வேறொருவர் ஓட்டியிருந்தால், நின்றிருந்த பேருந்துக்கு அடியில் தெரிந்த சின்னக் கால்களைக் கவனித்திருப்பார். உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பார். குழந்தை ஓடி வரும்போது அவர் கார் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருக்கும். இருவர் கையிலும் இருந்தது ஒரே கார், ஒரே பிரேக்தான். இரண்டாமவரிடம் இரண்டு வினாடி கூடுதலாக இருந்தது.

பாதுகாப்பான ஓட்டுதல் பற்றிய எல்லா அறிவுரைகளையும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து: ஆபத்தை நீங்கள் பார்ப்பதற்கும் அதை எட்டுவதற்கும் நடுவே எத்தனை வினாடி உங்கள் கையில் இருக்கிறது? கீழே வரும் ஒவ்வொரு பழக்கமும் அந்த வினாடிகளைச் சேர்ப்பதற்கோ, இருப்பதை இழக்காமல் காப்பதற்கோதான். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமே இதுதான். இதில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது.

படி 1: சரியாக உட்காருங்கள்

பலரும் காரில் ஏறியதும் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கை அடிவரை அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டுவிட்டால் அவசரத்தில் போதிய அழுத்தம் கொடுக்க முடியாது. முதுகு சீட்டோடு ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். அந்தத் தூரம் சரியாக இருந்தால் முழங்கை மடங்கிய நிலையில் ஸ்டீயரிங்கைச் சுலபமாகத் திருப்பலாம். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது. அதற்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பவரை அதுவே காயப்படுத்தும். கைகள் கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் இருப்பது நல்லது.

தலைச்சாய்ப்பை யாரும் கவனிப்பதில்லை. அது சாய்ந்து ஓய்வெடுப்பதற்கான தலையணை இல்லை. பின்னாலிருந்து யாராவது மோதினால் கழுத்து வெடுக்கென்று பின்னால் மடங்காமல் தடுப்பதற்கு இருப்பது. அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வரவேண்டும். குறைந்தபட்சம் காதின் மேல்பகுதிக்குக் கீழே போகக் கூடாது.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மீது பதிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இதுவே முறை, வயிற்றுக்குக் கீழே. இன்று நாம் பயன்படுத்தும் மூன்று முனை பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. பின் சீட்டில் இருப்பவர்களும் கட்டாயம் பெல்ட் போட வேண்டும். மோதலில் பெல்ட் இல்லாத பின் பயணி முழு வேகத்தோடு முன்னால் வீசப்படுவார். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முன் சீட்டுக்காரரும் அதனால் இறந்துபோகலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அன்பாகத் தெரிகிறது. ஆனால் மோதலின்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாத விசை அது. வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையைப் பின் சீட்டில் பொருத்துங்கள். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது.

அப்புறம் பக்கக் கண்ணாடிகள். பெரும்பாலானோர் அதில் தங்கள் காரின் பாதிப் பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். நம் கார் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதைப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கார் விளிம்பில் மெல்லிய கீற்றாகத் தெரியும் அளவுக்குக் கண்ணாடிகளை வெளிப்புறமாகத் திருப்புங்கள். மறைபகுதி வெகுவாகக் குறையும், முழுதாகப் போகாது. அதனால் லேன் மாறும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும்.

படி 2: கார் நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று மனதில் பதியுங்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் பகுதிதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆபத்தைப் பார்த்ததும் கார் நிற்கத் தொடங்குவதில்லை. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்கு மாற, விழிப்பாக இருப்பவருக்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். எதிர்பாராத சூழலில் ஒன்றரை வினாடியும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் கார் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும்.

காய்ந்த சாலை, நல்ல டயர், ஒரு வினாடியில் செயல்படும் ஓட்டுநர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தோராயமாக இப்படி வரும்:

மணிக்கு 50 கிலோமீட்டர்: 28 மீட்டர்
மணிக்கு 60 கிலோமீட்டர்: 37 மீட்டர்
மணிக்கு 80 கிலோமீட்டர்: 57 மீட்டர்
மணிக்கு 100 கிலோமீட்டர்: 83 மீட்டர்
மணிக்கு 120 கிலோமீட்டர்: 113 மீட்டர்

இப்போது ஒரு சூழலை யோசித்துப் பாருங்கள். 50இல் வரும் கார், 28 மீட்டர் தள்ளிச் சாலையில் விழுந்த ஒருவரைப் பார்த்து, மோதாமல் அவரருகே நின்றுவிடுகிறது. அதே இடத்தில், அதே நொடியில், 60இல் வரும் இன்னொரு கார் பிரேக் அடிக்கிறது. பத்து கிலோமீட்டர்தானே அதிகம், லேசாக உரசி நிற்கும் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. முதல் 17 மீட்டர் யோசிப்பதிலேயே போய்விடும். மீதி 11 மீட்டர் பிரேக் பிடித்த பிறகும் அந்தக் கார் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் அவர் மீது மோதும். ஒரு கார் மோதவே இல்லை, இன்னொன்று ஆளைக் கொல்லக்கூடிய வேகத்தில் மோதுகிறது. இடையில் இருந்த வித்தியாசம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் மட்டுமே.

சரி, அந்தப் பத்து கிலோமீட்டரால் கிடைக்கும் லாபம் என்ன? பத்து கிலோமீட்டர் பயணத்தை 50இல் போனால் 12 நிமிடம், 60இல் போனால் 10 நிமிடம். அதுவும் எங்கும் நிற்காமல் போனால்தான். சிக்னலும் நெரிசலும் உள்ள சாலையில் அந்த இரண்டு நிமிடமும் கரைந்துவிடும். அவசரம் என்றால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். சாலையில் அந்த நேரத்தைப் பிடிக்கவே முடியாது.

பலகையில் எழுதியிருக்கும் வேக வரம்பு நல்ல வெளிச்சத்திலும் காய்ந்த சாலையிலும் போகக்கூடிய உச்ச அளவு. பள்ளி விடும் நேரம், சந்தைப் பகுதி, வளைவு, மழை என்றால் உங்களுக்குச் சரியான வேகம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போகிறேனா? வேகத்தை முடிவு செய்ய இந்தக் கேள்வியைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

படி 3: முன்னால் போகும் வண்டியிலிருந்து மூன்று வினாடி

இடைவெளியை மீட்டரில் அளக்க ஓட்டும்போது யாராலும் முடியாது. வினாடியில் அளக்கலாம். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறீர்கள் என்று பொருள். இந்த முறையின் அழகு, வேகம் கூடும்போது இடைவெளியும் தானாகக் கூடிவிடுகிறது. மூன்று வினாடி என்பது 50இல் 42 மீட்டர், 80இல் 67 மீட்டர். மழையிலும் இரவிலும் ஐந்து, ஆறு வினாடியாக்குங்கள்.

இடம் விட்டால் எவனாவது நுழைந்துவிடுகிறான் என்பது எல்லோரும் சொல்லும் குறை. நுழையட்டும். ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் சில வினாடிகளில் இடைவெளி மீண்டும் கிடைத்துவிடும். நாள் முழுக்க இருபது பேர் நுழைந்தாலும் நீங்கள் இழப்பது ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்காது.

பின்னால் ஒருவர் முட்டுவது போல ஒட்டிக்கொண்டு வந்தால்? பிரேக்கைத் தட்டிப் பயமுறுத்துவது மோதலைக் கேட்டு வாங்குவது. உங்களுக்கு முன்னால் உள்ள இடைவெளியை இன்னும் அதிகமாக்குங்கள். அப்போது முன்னால் ஏதாவது நடந்தால் நீங்கள் மெதுவாகப் பிரேக் பிடிக்கலாம், பின்னால் வருபவருக்கும் நிறுத்த நேரம் கிடைக்கும். வாய்ப்புக் கிடைத்ததும் அவருக்கு வழிவிட்டுவிடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போதும் இதே எண்ணம் உதவும். முன்னால் நிற்கும் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். பின்னாலிருந்து யாராவது இடித்தாலும் அதன் மீது தள்ளப்படும் வாய்ப்புக் குறையும். அந்த வண்டி பழுதாகி நின்றுவிட்டாலும் வளைத்துக்கொண்டு வெளியேறலாம்.

படி 4: கண்ணுக்கு வேலை கொடுங்கள்

புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பானெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சாலையையே பார்ப்பார்கள். பார்வையை நீட்டுங்கள். பன்னிரண்டு வினாடியில் நீங்கள் எட்டப்போகும் இடத்தைப் பாருங்கள், அதாவது 60இல் போனால் 200 மீட்டர் தள்ளி. அங்கிருந்து அருகே வந்து, கண்ணாடிகளைப் பார்த்து, மறுபடி தூரத்துக்குப் போக வேண்டும். கண் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால் மனமும் தூங்கத் தொடங்கும்.

பார்ப்பதை வைத்து ஊகியுங்கள். ஓரமாக நிற்கும் காரின் முன் சக்கரம் திரும்புகிறதா? உள்ளே ஆள் இருக்கிறாரா? கதவு திறக்கலாம். பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை வரும். பேருந்து நின்றால் அதன் முன்புறமிருந்து யாராவது சாலையைக் கடப்பார்கள். தூரத்தில் உள்ள சிக்னல் வெகுநேரமாகப் பச்சையாக இருக்கிறது என்றால் நீங்கள் போய்ச் சேரும்போது மாறிவிடும், இப்போதே காலைத் தளர்த்தலாம். இரண்டு, மூன்று வண்டிகளுக்கு அப்பால் பிரேக் விளக்கு எரிந்தாலே உங்கள் கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும்.

இதைப் பழக ஒரு நல்ல பயிற்சி உண்டு. தனியாகப் போகும்போது பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "முன்னாடி ஆட்டோ தடுமாறுது, இடது பக்கம் சந்து, கண்ணாடில ஒரு பைக் வருது." முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் வாயால் சொல்ல வேண்டும் என்றால் கண் தேடித்தான் ஆக வேண்டும். பல நாடுகளில் காவல்துறை ஓட்டுநர்களுக்கே இந்த முறையில் பயிற்சி தருகிறார்கள்.

இன்னொன்று, நம் கண் நம்மை ஏமாற்றும். பார்வையை வேகமாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திருப்பும்போது, நகரும் அந்தக் கணத்தில் மூளை தெளிவான காட்சி எதையும் பதிவு செய்வதில்லை. இடையில் உள்ளதைத் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பைக் முழுதாக மறைந்துபோகலாம். "ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் வந்தேன், யாருமே இல்லை" என்று சொல்பவர்கள் பலர் உண்மையாகவே பார்த்திருப்பார்கள். ஆகவே சந்திப்பில் தலையைச் சடாரென்று திருப்பாமல், தூரம், நடு, அருகு என்று மூன்று இடங்களில் பார்வையை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

முன் கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்களும் ஆளை மறைக்கும். நீங்களும் குறுக்குச் சாலையில் வருபவரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் எட்டப்போகிறீர்கள் என்றால், அவர் உங்கள் பார்வையில் நகராமல் ஒரே கோணத்திலேயே இருப்பார். அந்தக் கோணம் தூணுக்குப் பின்னால் அமைந்துவிட்டால், மோதும் வரை அவர் மறைந்தே வருவார். சந்திப்பை நெருங்கும்போது உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தூணைச் சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

படி 5: சந்திப்புகளும் பக்கத்தில் வருபவர்களும்

பச்சை விழுந்ததும் பாயாதீர்கள். சிவப்பைத் தாண்டி வரும் கடைசி அவசரக்காரர் இரு பக்கத்திலும் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு நகருங்கள். திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போடுவது அடுத்தவருக்குச் செய்தி சொல்வதற்கு. திரும்பிக்கொண்டே போட்டால் அது வெறும் விளக்கு. அதேபோல எதிரே வருபவரின் இண்டிகேட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். போட்டு அணைக்க மறந்திருப்பார். அவர் வேகம் குறைகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று பாருங்கள்.

சைக்கிளையோ பைக்கையோ கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள். அவர்கள் முன்னால் ஒரு பள்ளம் இருந்தால் உங்கள் பக்கம்தான் விலகுவார்கள். லாரி, பேருந்து விஷயத்தில் ஒரு விதி போதும்: அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்க இடத்தில் நுழையவே கூடாது.

நிறுத்திய பின் கதவைத் திறக்க, கதவுக்குப் பக்கத்தில் உள்ள கையை விட்டு எதிர்க்கையைப் பயன்படுத்துங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

படி 6: ஓவர்டேக் செய்யும் முன் ஒரு கணக்கு

இரு திசைப் போக்குவரத்தும் ஒரே சாலையில் போகும் இடத்தில் ஓவர்டேக் செய்வதைவிட ஆபத்தான வேலை ஓட்டுவதில் குறைவு. நேருக்கு நேர் மோதும்போது இரண்டு வேகங்களும் எதிரெதிராகச் சந்திக்கின்றன.

60இல் போகும் லாரியை நீங்கள் 80இல் கடக்கிறீர்கள் என்று வையுங்கள். லாரியின் நீளம், உங்கள் கார், முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் எல்லாம் சேர்த்து சுமார் 60 மீட்டரை நீங்கள் முந்த வேண்டும். வேக வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான், வினாடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக, எதிர்ப்பக்கத்தில் 11 வினாடி இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 240 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 80இல் வருபவரும் 240 மீட்டர் வந்திருப்பார். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் சாலை காலியாகத் தெரிந்தால்தான் இது சரிப்படும், அதுவும் துளியும் மிச்சமில்லாமல். வளைவிலும் மேட்டின் முகட்டிலும் பாலத்திலும் சந்திப்பருகிலும் அந்தத் தூரம் தெரிய வாய்ப்பே இல்லை.

லாரிக்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். பின்வாங்கி நின்றால்தான் சாலை தெரியும். முன்னால் போகும் கார் ஓவர்டேக் செய்கிறது என்பதற்காகப் பின்னாலேயே போவதும் கூடாது, அவர் பார்த்த சாலை அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. பாதியில் சந்தேகம் வந்தால் பிரேக் பிடித்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள். உங்களை ஒருவர் ஓவர்டேக் செய்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அவர் சிக்கிக்கொண்டால் நீங்களும்தான் சிக்குவீர்கள்.

படி 7: மழை, இரவு, மலைப்பாதை

வெகுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிக வழுக்கலானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மேலே வரும். ஈரச் சாலையில் நிற்கும் தூரம் இரண்டு மடங்குகூட ஆகலாம். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து கார் மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டதா? அதுதான் அறிகுறி. அப்போது பிரேக்கை அடிக்காதீர்கள், ஸ்டீயரிங்கையும் ஒடிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள், டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹசார்ட் விளக்கை, அதாவது எல்லா இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை விளக்கைப் போடாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. கீழ்நோக்கி ஒளி வீசும் லோ பீம் ஹெட்லைட் போதும்.

சாலையைக் கடந்து ஓடும் வெள்ளத்தில் இறங்கவே கூடாது. முழங்காலுக்கும் கீழே, 30 சென்டிமீட்டர் அளவு ஓடும் நீர்கூடச் சிறிய காரைத் தூக்கி நகர்த்தக்கூடும்.

இரவில் லோ பீம் பல கார்களில் ஐம்பது, அறுபது மீட்டர்தான் தெளிவாகக் காட்டும். மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: 80இல் நிற்கவே 57 மீட்டர் வேண்டும். கருப்பு உடையில் நடப்பவர் அதைவிட அருகில் வந்த பிறகுதான் தெரிவார். எதிரே வண்டி இல்லாத இருட்டுச் சாலையில் தூரம்வரை ஒளி வீசும் ஹை பீம் போடலாம், வண்டி தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும். எதிரே வருபவர் இறக்காவிட்டால் பழிக்குப் பழி வாங்காதீர்கள். கண் கூசியவர் உங்களை நோக்கித்தான் வருகிறார். வேகத்தைக் குறைத்து, உங்கள் பக்கத்துச் சாலை ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் படியும் மெல்லிய படலத்தை வாரம் ஒரு முறை துடைத்தாலே இரவுக் கூச்சம் நன்றாகக் குறையும்.

மலை இறங்கும்போது ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்குங்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிரேக் பிடிக்கும் திறன் குறைந்துவிடும். எரிபொருள் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் இறங்குவதைப் போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

படி 8: ஓட்டுபவரின் நிலை

போன். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஐந்து வினாடி திரையைப் பார்த்தால் 125 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் பெரிதாகப் பாதுகாப்பு தருவதில்லை என்கிறது, ஏனென்றால் சிக்கல் கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. வழிகாட்டி வரைபடத்தைக் கிளம்பும் முன்பே அமைத்துவிடுங்கள். போனை ஒலியில்லாமல் வைத்து, கை எட்டாத இடத்தில் போடுங்கள். உங்களுக்குப் பிடித்தவர் கார் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் அவரை அழைக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

தூக்கம். இதை மதுவுக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டும், பேசுவதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரையும், மதிய உணவுக்குப் பிறகும் உடம்பு தூக்கத்தைக் கேட்கும். கொட்டாவி, கண் எரிச்சல், லேன் கோட்டைத் தாண்டித் திடுக்கிடுவது, கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமை, இதில் ஒன்று வந்தாலே நிறுத்த வேண்டிய நேரம். நான்கு வினாடி கண் அயர்ந்தால் 100இல் 111 மீட்டர் போய்விடும், பிரேக் தடம்கூட இல்லாமல். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். அதுவும் தற்காலிகம்தான், உண்மையான மருந்து இரவுத் தூக்கம். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்துவிட்டு வாருங்கள்.

மது குடித்திருந்தால் ஓட்டாதீர்கள். "நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் தீர்ப்பு உணர்வைத்தான் மது முதலில் மழுக்குகிறது. காபியோ குளிர்ந்த நீரோ அதை வேகமாக இறக்காது. முந்தைய இரவு நிறையக் குடித்தவருக்குக் காலையிலும் மிச்சம் இருக்கலாம். சளி, அலர்ஜிக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: வண்டியைப் பாருங்கள்

காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடம்தான். மாதம் ஒரு முறை, டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளக்கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பல நாடுகளில் சட்டப்படி ஓட்டக் கூடாது. மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தாலோ தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வைப்பரும் எல்லா விளக்குகளும் வேலை செய்கின்றனவா என்று நீண்ட பயணத்துக்கு முன் பாருங்கள்.

படி 10: கைமீறும் கணத்தில்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில கணங்கள் வரும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது என்பதால் இப்போதே மனதில் ஓட்டிப் பாருங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அவசரமாக நிறுத்த, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கார் நிற்கும் வரை விடாமல் அழுத்துங்கள். மிதி அதிரும், கடகடவென்று சத்தம் வரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அது வேலை செய்கிற சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் பிரேக் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பவும் முடியும். போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள், மோதப்போகும் பொருளைப் பார்க்காதீர்கள். கண் போகும் பக்கம் கை போகும். காலி மைதானம் கிடைத்தால் குறைந்த வேகத்தில் இதை ஓரிரு முறை செய்து பாருங்கள்.

நாய் போன்ற சிறு விலங்கு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக் பிடியுங்கள். அதைக் காப்பாற்ற எதிர்ப்பக்கம் ஒடித்தால் மனித உயிர்கள் போகலாம்.

டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வையுங்கள், பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டால், பதறி உடனே மேலே ஏற்றாதீர்கள். அப்படி ஏற்றும்போதுதான் கார் எதிர்ப்பக்கம் பாய்கிறது அல்லது உருள்கிறது. மண்ணிலேயே நேராகப் போய் வேகத்தைக் குறைத்து, பிறகு மெதுவாக ஏறுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் மிதியை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக் கார் சுழலும்.

வேகச் சாலையில் கார் நின்றுவிட்டால் இரண்டாவது மோதல்தான் பெரிய ஆபத்து. முடிந்தவரை ஓரத்துக்கு உருட்டி, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, ஓரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காரின் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பாதுகாப்பாக வைக்க முடிகிற சாலையாக இருந்தால், 80இல் வருபவர் நிற்கவே 57 மீட்டர் வேண்டும் என்பதை நினைவில் வைத்து, அதைவிடத் தள்ளி வையுங்கள். நடந்து போகும்போது அதை வண்டிகளுக்குத் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மிக வேகமான சாலை என்றால் அதை வைக்கப் போகவே வேண்டாம், தடுப்புக்கு அப்பாலிருந்தபடி அவசர எண்ணை அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உதவி வரும் வரை பையை எடுக்க, சார்ஜரை எடுக்க என்று எதற்காகவும் காருக்குத் திரும்பிப் போகாதீர்கள்.